நோணாங்குப்பத்துக் கரடி

தனிஸ்லாஸ்: என் வாளிக்குள்ள என்னா பார்வ?

வெற்றி: பாக்கல மாஸ்டர். செருப்ப எடுக்கக் குனிஞ்சேன்.

தனிஸ்லாஸ்: செருப்ப எடுக்கறவன் வாளிப் புடிய ஏன் தொடுற? டிங்குன்னு கேட்டுச்சே. அடுத்தவன் வாளிய எட்டிப் பாத்தா மஞ்ச கார்டு. தொட்டா...

வெற்றி: சிவப்பு. தெரியும், தெரியும். ஒம்பது வருஷமா இந்த நோணாங்குப்பம் பாலத்தடியில இதே சட்டந்தான். ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தீங்க, ஞாயித்துக்கெழமயில ஃபுட்பால் மேட்சுக்கு விசிலடிச்சீங்க... எல்லாம் சரி. ரிட்டயர் ஆயியே பத்து வருஷமாச்சு. இன்னும் மீனுக்குமா ரெஃப்ரி?

தனிஸ்லாஸ்: மீனுக்கில்லப்பா. மீனு ஒழுங்காத்தான் இருக்கு. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு.

வெற்றி: ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு உள்ள.

தனிஸ்லாஸ்: பாத்துட்ட, பாரு!

வெற்றி: ஒரு ஜிலேபிக் கெண்ட. உள்ளங்கை அளவு.

தனிஸ்லாஸ்: ரெண்டு மஞ்ச கார்டு சேந்தா என்னா தெரியுமில்ல? எழுந்து வண்டிய எடு.

வெற்றி: நான் போனா உங்களுக்கு யாரு பேச்சுத் தொண... சரி, சட்டம் பேசுனது போதும். மத்த ரெண்டு எப்ப வரும்? மணி ஒம்பது ஆவப்போவுது. பத்துக்கு லினெட் வண்டியோட வந்து நிக்கும்.

தனிஸ்லாஸ்: வரட்டும். மூணு மீனுதான கேட்டா? ஒரு காலத்துல மூணு மீன பூனைக்குப் போட்டுட்டுப் போனவன் நானு.

வெற்றி: என்னா மாஸ்டர் இது, பெத்த அப்பனுக்குப் பொண்ணு பரிட்ச வெக்கிறது? மூணு மீனோட வந்தா அடுத்த ஞாயித்துக்கெழமயும் போலாம், இல்லன்னா தூண்டிக் கம்ப பக்கத்து வீட்டு ஜூலியன்கிட்ட குடுத்துடணும்னு...

தனிஸ்லாஸ்: எனக்கு வயசாயிடுச்சாம். ஆத்தங்கரையில தனியா உக்காரக்கூடாதாம்.

வெற்றி: வயசு மட்டுந்தானா?

தனிஸ்லாஸ்: வேற என்னா?

வெற்றி: ஒண்ணுமில்ல... சும்மா கேட்டேன்.

தனிஸ்லாஸ்: சும்மா கேக்காத. மீனுக்குக் காது உண்டு. இந்தக் கரையிலயே வாய் மூடாத ரெண்டு பேரு, ஒண்ணு நீ, இன்னொண்ணு அந்தச் செம்மல்.

வெற்றி: அவன் கூட என்ன சேக்காதீங்க. அவன் ஸ்பீக்கர் பொட்டியோட வந்து குத்துப்பாட்டு போட்டு மீன் புடிக்கிற ஆளு.

தனிஸ்லாஸ்: கேட்டா, பாட்டுக்கு மீனு ஆடிக்கிட்டே மேல வருமாம்.

வெற்றி: இங்க தூண்டி போட வர்ற பிரேம்குமார் அதுக்கும் மேல. ஆடிக்கு முன்னால எனக்கு ஒரு கொடுவா மாட்டுச்சே, ரெண்டு கிலோ, ஞாபகம் இருக்கா? குடு, எட பாக்குறேன்னு வாங்குனான். வீட்டுக்குப் போய் போன தொறக்குறேன், கொடுவாய நெஞ்சுல அணைச்சுக்கிட்டு நிக்கிறான். 'என் வேட்டை'ன்னு எழுதியிருக்கான். என் பொண்டாட்டியே அதுக்கு ஒரு கைதட்டு போட்டிருக்கா.

தனிஸ்லாஸ்: மனுசன வுட இந்த மிருகங்க ஒழுங்கா மீன் புடிக்கிதுப்பா.

வெற்றி: எல்லாத்தையும் சொல்லாதீங்க. பருந்து?

தனிஸ்லாஸ்: அது திருட்டுப் பய. கொக்க சொல்லு. கொக்குதான் ஜென்டில்மேன். ஒத்தக் கால்ல ஒரு மணி நேரம்... போன் பேசாது, இருமாது, பக்கத்துக் கொக்குகிட்ட 'ஏதாச்சும் கெடச்சுதா'ன்னு கேக்காது.

வெற்றி: அதுக்கு வாளி இல்லயே, எட்டிப் பாக்க. நீர்நாய்?

தனிஸ்லாஸ்: குடும்பத்தோட வரும். பாதி தின்னும், பாதியப் போட்டுட்டுப் போவும். டூரிஸ்ட் கூட்டம் மாதிரி.

வெற்றி: கரடி? டிவியில காட்டுறானே... அருவிக்கு நடுவுல வாயத் தொறந்துகிட்டு நிக்கிது. மீனு தானா எகிறிப் போய் வாயில வுழுது.

தனிஸ்லாஸ்: அது தூண்டிக்காரனே இல்ல. பந்தியில உக்காந்தவன்... எல போட்டாச்சு, இனி வர்றதத் திங்க வேண்டியதுதான்.

வெற்றி: நீர்க்காகம்!

தனிஸ்லாஸ்: ஹாங்... புடி... புடிடா... வந்துட்டான்! வந்துட்டான்!

வெற்றி: அடேங்கப்பா. மடவ! போன வாரத்துத வுட பெருசு.

தனிஸ்லாஸ்: அலே, சபாஷ்! ரெண்டாச்சு. தள்ளு, நானே கழட்டுறேன். அடுத்தவன் மீன்ல தூண்டி முள்ளு கழட்டுறதும் தப்பு.

வெற்றி: பாத்து... விரல்ல குத்திக்கப் போறீங்க.

தனிஸ்லாஸ்: எனக்குத் தெரியும். ஆமா, என்னாத்துக்கு அப்படி கத்துன?

வெற்றி: நீர்க்காகம் மாஸ்டர். தூணுகிட்ட தலையத் தூக்குச்சு.

தனிஸ்லாஸ்: எங்க?

வெற்றி: முழுகிடுச்சு.

தனிஸ்லாஸ்: காலையில மொத மீனு மாட்டும்போது மீன்கொத்தின்னு கத்துன. அதயும் நான் பாக்கல.

வெற்றி: அது பறந்துடுச்சு.

தனிஸ்லாஸ்: நீ கத்தறதுக்கு முன்னாலயே நான் தண்ணியில மெதக்குற தக்கையப் பாத்துட்டேன். அது முழுகுனதப் பாத்துதான் இழுத்தேன். தெரிஞ்சுக்கோ.

வெற்றி: நான் இல்லன்னு சொல்லலயே.

தனிஸ்லாஸ்: அடுத்தவன் தக்க முழுகும்போது வாயத் தொறக்கக்கூடாது. இந்தக் கரையில அதான் பெரிய சட்டம். அது அவனுக்கும் அந்த மீனுக்கும் நடக்குற பேச்சு. நடுவுல எவனும் பூரக்கூடாது.

வெற்றி: நான் உங்க தக்கையப் பத்தி எங்க பேசுனேன்? நீர்க்காகத்தப் பத்தி பேசுனேன்.

தனிஸ்லாஸ்: ம்... தண்ணி ஏறுதா, எறங்குதா?

வெற்றி: எறங்குது. அதோ தூணுல ஈரம் தெரியுதே.

தனிஸ்லாஸ்: ஆமாமா... தெரியுது.

வெற்றி: இன்னும் கொஞ்சம் எடது பக்கமா வீசுங்க. இல்ல... சும்மா ஒரு யோசன.

தனிஸ்லாஸ்: யாரோ பின்னால படியில எறங்குற சத்தம் கேக்கல?

வெற்றி: போட் ஹவுஸுக்கு வந்த சனமா இருக்கும்.

தனிஸ்லாஸ்: திரும்பிப் பாக்காமலே சொல்ற.

வெற்றி: ஞாயித்துக்கெழம வேற யாரு வரப்போறா... நேத்து சாயங்காலமே பூச பாத்துட்டீங்களா?

தனிஸ்லாஸ்: பின்ன? சனிக்கெழம சாயங்காலப் பூச எதுக்கு இருக்கு? ஆண்டவருக்கும் தெரியும், ஞாயித்துக்கெழம காலையில நான் எங்க இருப்பேன்னு.

வெற்றி: ஒருவேள... சொல்லக்கூடாது... மூணாவது மாட்டலன்னா?

தனிஸ்லாஸ்: மாட்டும்.

வெற்றி: மாட்டலன்னு வெச்சுக்குவோம். நான் வேற பக்கம் போய் ஒண்ணு புடிச்சு உங்க வாளியில...

தனிஸ்லாஸ்: டேய்.

வெற்றி: தப்புதான். வாபஸ்.

தனிஸ்லாஸ்: அடுத்தவன் புடிச்சத வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறவன் தூண்டிக்காரனா? அதுக்குத் தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போய் மீன் ஏலத்துல வாங்கிக்கிட்டுப் போவேனே. கூட ரெண்டு வஞ்சரம் வாங்கிட்டு, இதயும் தூண்டியில புடிச்சேன்னு சொல்லுவேனே.

வெற்றி: லினெட் நம்பாது. அந்த மீன்ல ஐஸ் வெச்சிருப்பான்.

தனிஸ்லாஸ்: ஹ... ஐஸ் வெச்ச மீனு. நல்லாச் சொன்ன.

வெற்றி: கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க மாஸ்டர். இது இல்லன்னா என்னா இப்ப? பீச்சுல சாயங்காலம் உங்க வயசுக்காரங்க எவ்ளோ பேரு நடக்குறாங்க. நெல்லித்தோப்புல உங்க வீட்டுக்கிட்டயே பார்க்கு இருக்கு...

தனிஸ்லாஸ்: நடக்கலாம். பக்கத்துல லினெட் கையப் புடிச்சுக்கிட்டு வருவா. பப்பா கல்லு, பப்பா பள்ளம், பப்பா வண்டி வருது... நல்ல பொண்ணு வெற்றி. கொற சொல்லக்கூடாது. என் வூட்டுக்காரி லூர்துசெல்வி போனதுலேருந்து அவதான் எல்லாம். மாத்திர எடுத்துக் குடுக்குறா, சட்டைக்குப் பித்தான் சரியாப் போட்டிருக்கேனான்னு பாக்குறா...

வெற்றி: அப்புறம் என்னா?

தனிஸ்லாஸ்: அப்புறம் என்னான்னா... வாரத்துல ஆறு நாளு நான் யாரோ பாத்துக்குற கெழவன். ஞாயித்துக்கெழம இங்க வந்து உக்காந்தாத்தான் மாஸ்டர். நீ என்ன திட்டுற, நான் உனக்குக் கார்டு காட்டுறேன். எவனும் என் கையப் புடிக்கிறதில்ல. இந்த ஒரு நாளும் போச்சுன்னா எனக்குப் பயமா இருக்குப்பா. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

வெற்றி: இந்தாங்க மாஸ்டர், கொஞ்சம் தண்ணி குடிங்க.

தனிஸ்லாஸ்: என்னா இது, ஒரு நாளும் இல்லாத திருநாளா?

வெற்றி: அதோ... அந்தக் குருட்டுக்...

தனிஸ்லாஸ்: குருட்டு?

வெற்றி: மடையான்! மடையான் மாஸ்டர்!

தனிஸ்லாஸ்: இரு... ச்சே! போச்சு. மேல வந்துட்டு போச்சு. பாத்தியா? நல்ல எட.

வெற்றி: என்னாலதான்.

தனிஸ்லாஸ்: உன்னால எப்படி? நீ என்னா பண்ண?

வெற்றி: ...ஒண்ணும் பண்ணல.

தனிஸ்லாஸ்: ஊருல எல்லாரும் அத குருட்டுக் கொக்குன்னுதான் சொல்றோம். நீ பாதியில முழுங்குன.

வெற்றி: வாயில வரல.

தனிஸ்லாஸ்: வாயில வந்துச்சு. வெளிய வரல.

வெற்றி: மணி ஒம்பதே முக்கா. புது எறா போட்டு வீசுங்க. பேச்சே வேணாம் இனிமே.

தனிஸ்லாஸ்: பேசாம எப்படி? கொக்குங்க மாதிரியா நிப்போம்?

வெற்றி: பேசுங்க. நான் கேக்குறேன்.

தனிஸ்லாஸ்: ஒரு தடவ அரியாங்குப்பம் மேட்சுல, கடைசி நிமிஷம். கோலா இல்லயான்னு சண்ட. பந்து கோட்டத் தாண்டல, நான் கண்ணால பாத்தேன். இல்லன்னு கை காட்டுனேன். கிரவுண்டு நாலு பக்கமும் ஒரே சத்தம். குருட்டு ரெஃப்ரி, குருட்டு ரெஃப்ரி... எனக்கு அப்ப எவ்ளோ கோவம் தெரியுமா? என் கண்ணப் பத்தியாடா பேசுறீங்கன்னு...

வெற்றி: கரடி!

தனிஸ்லாஸ்: வந்துட்டான்...! வுடாத, வுடாத... தூண்டி நரம்பு அந்தாண்ட போவுது...

வெற்றி: தூணு பக்கம் வுட்டுடாதீங்க! வலது பக்கம்... கம்பத் தூக்குங்க...

தனிஸ்லாஸ்: கத்தாத... நான் பாத்துக்குறேன்... வா... வா ராஜா... ஆண்டவரே, வந்துட்டான்!

வெற்றி: மூணு! மாஸ்டர், மூணு! செப்பலி! முக்கா கிலோ இருக்கும்!

தனிஸ்லாஸ்: வாளியில போடு... இல்ல, நானே போடுறேன். வாளி எங்க... ஆங். போட்டாச்சு.

வெற்றி: ஜெயிச்சுட்டீங்க.

தனிஸ்லாஸ்: வெற்றி.

வெற்றி: சொல்லுங்க.

தனிஸ்லாஸ்: நோணாங்குப்பத்துல ஏதுடா கரடி?

வெற்றி: அது... வாயில அதான் வந்துச்சு. நீர்க்காகம் சொல்லியாச்சு. மீன்கொத்தி சொல்லியாச்சு. மடையான்ல ஒரு மீன வுட்டாச்சு. அவசரத்துல வேற ஒண்ணும்...

தனிஸ்லாஸ்: ம்.

வெற்றி: நீங்க ஏன் மாஸ்டர் இழுத்தீங்க? கரடின்னா, எங்கடான்னு கேட்டிருக்கணும். இல்ல சிரிச்சிருக்கணும்.

தனிஸ்லாஸ்: நீ என்னா சொல்றேன்னு நான் கேக்கறதில்லப்பா. எப்ப சொல்றேன்னுதான் கேக்குறேன்.

வெற்றி: ...எப்பலேருந்து?

தனிஸ்லாஸ்: நீ எப்பலேருந்து?

வெற்றி: போன மாசம். உங்க தக்க மூணு தடவ முழுகுச்சு. நீங்க அதப் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க. கண்ணு அங்கதான் இருந்துச்சு. கை அசையல. நாலாவது தடவ முழுகுறப்ப... என்னா செய்யறதுன்னு தெரியல, பூனன்னு கத்திட்டேன். நீங்க திடுக்குன்னு கம்பத் தூக்குனீங்க. மீனு வந்துச்சு.

தனிஸ்லாஸ்: அன்னைக்கு நெசமாவே பூன வாளிகிட்ட வந்துடுச்சுன்னுதான் தூக்குனேன். அடுத்த வாரம் புரிஞ்சு போச்சு.

வெற்றி: டாக்டர் என்னா சொல்றாரு?

தனிஸ்லாஸ்: கண்ணுல பிரஷராம். சொட்டு மருந்து வுடுறா லினெட், வேளைக்கு வேள. இருக்கறதக் காப்பாத்தலாமாம். போனது வராதாம். கிட்டக்க ஏதோ நெழலாட்டம் தெரியுது. தண்ணி பளபளன்னு இருக்கு. தக்கைதான்... தக்க தெரியல. அதான் அவ கேட்டா. உங்களுக்குத் தக்க தெரியுதா பப்பான்னு. தெரியுதுன்னு சொன்னேன். அப்ப மூணு மீனு கொண்டாங்கன்னுட்டா.

வெற்றி: கம்புல இழுப்பு தெரியாதா?

தனிஸ்லாஸ்: கைக்குத் தெரியறதுக்குள்ள எறாவத் தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டுப் போயிடுது... இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா?

வெற்றி: கேளுங்க.

தனிஸ்லாஸ்: உன் எறா டப்பா எங்க?

வெற்றி: இங்கதான்... பையில.

தனிஸ்லாஸ்: தகர மூடி. தொறந்தா டக்குன்னு கேக்கும். ஒம்பது வருஷமா பத்து நிமிஷத்துக்கு ஒரு டக்கு. நாலு வாரமா அது கேக்கல. உன் முள்ளுல எறா இருக்கா?

வெற்றி: ...இல்ல.

தனிஸ்லாஸ்: வெறும் முள்ளத் தண்ணியில போட்டுட்டு உக்காந்திருக்க. நாலு ஞாயிறா.

வெற்றி: எனக்கு மீனு மாட்டுனா நான் என் கம்பப் பாக்கணுமே மாஸ்டர். அந்த நேரம் உங்க தக்க முழுகுனா?

தனிஸ்லாஸ்: பைத்தியக்காரா.

வெற்றி: இருக்கட்டும்.

தனிஸ்லாஸ்: வாரம் பூரா அந்த ஹார்டுவேர் கடையில ஆணி நிறுத்துக்கிட்டு கெடக்குற. உனக்கும் இந்த ஒரு நாள்தான்.

வெற்றி: அதான் சொல்றேன், இருக்கட்டும்னு.

தனிஸ்லாஸ்: ஆனா இது என் மீனு இல்ல வெற்றி. அதான் உறுத்துது. நீ பாத்த, நீ சொன்ன. நான் கம்பு புடிக்கிற தூணு.

வெற்றி: மாஸ்டர், மேட்சுல லைன்ஸ்மேன்னு ஒருத்தன் கோட்டோரம் ஓடுறானே, எதுக்கு?

தனிஸ்லாஸ்: ரெஃப்ரி பாக்க முடியாத எடத்தப் பாக்குறதுக்கு.

வெற்றி: பாத்துட்டு என்னா பண்ணுவான்?

தனிஸ்லாஸ்: கொடியத் தூக்குவான்.

வெற்றி: விசில் யாரு அடிக்கிறது?

தனிஸ்லாஸ்: ...ரெஃப்ரி.

வெற்றி: ஸ்கோர் சீட்டுல கையெழுத்து?

தனிஸ்லாஸ்: ரெஃப்ரி.

வெற்றி: அப்புறம் என்னா? கொடியத்தான் நான் தூக்குனேன். விசில் உங்களுது.

தனிஸ்லாஸ்: அடப்பாவி... நல்லா மடக்குன.

வெற்றி: மொகத்தத் தொடச்சிக்குங்க. பத்தாயிடுச்சு. வந்துடும்.

லினெட்: பப்பா! கெளம்பலாமா?

தனிஸ்லாஸ்: வந்துட்டியா? வா, வா. வந்து எண்ணிக்கோ. ஒண்ணு, ரெண்டு, மூணு.

லினெட்: ஓ லா லா... செப்பலியா இது? இவ்ளோ பெருசா?

வெற்றி: மாஸ்டர் தனியாளா இழுத்துப் போட்டாரும்மா. நான் கைகூட வெக்கல. வேணும்னா அந்தச் செப்பலியவே கேளு.

லினெட்: நீங்க வந்து நாலஞ்சு மணி நேரமாச்சே அங்கிள். உங்க வாளி காலியா இருக்கு?

வெற்றி: அடுத்தவன் வாளிய எட்டிப் பாக்கக்கூடாதும்மா. இந்தக் கரையில அது மஞ்ச கார்டு.

லினெட்: சாரி, சாரி. பப்பா, மூணும் தக்க முழுகுறதப் பாத்து இழுத்ததுதான?

தனிஸ்லாஸ்: ம்... ஆமா.

வெற்றி: நான் சாட்சி. இன்னைக்குப் பறவத் தொல்ல வேற தாங்கல. நீர்க்காகம் ஒரு பக்கம், மீன்கொத்தி ஒரு பக்கம். அதுக்கு நடுவுல புடிச்சிருக்காரு மனுசன்.

லினெட்: அப்படியா?

தனிஸ்லாஸ்: லினெட்... இரும்மா. இருபத்தெட்டு வருஷம் விசிலடிச்சிருக்கேன். ஒரு ஸ்கோர் சீட்டுலகூடப் பொய்யா எழுதுனதில்ல. இன்னைக்கு எழுத முடியல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...

லினெட்: வேணாம் பப்பா. நான் மொதப் பூசைக்கே போயிட்டு ஒம்பது மணிக்கெல்லாம் வந்துட்டேன். இந்தத் தூணுக்குப் பின்னால படியிலதான் உக்காந்திருந்தேன், எல்லாம் கேட்டுச்சு. ஒரு காக்காகூடத் தண்ணியில எறங்கல... அங்கிள், அடுத்த ஞாயித்துக்கெழமலேருந்து நீங்களே வண்டியில வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. அவருக்கு எறாவ நான் உரிச்சுக் குடுத்தனுப்புறேன். கரடி மட்டும் வேணாம், வேற மிருகம் யோசிச்சு வைங்க, மேல பஸ்ஸுல போற சனமெல்லாம் எட்டிப் பாக்குது. எழுந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்... நான் கையப் புடிக்கல, நீங்களே வாங்க மாஸ்டர்.